பழைய ஜீப்புக்கு டிஸ்க் பிரேக்: போடலாமா, வேண்டாமா?

பிப்ரவரி 4, வாசகர் கேள்வி

என்னிடம் சி.ஜே. 3பி ஜீப் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் ஏற்றிய வண்டி. நாலு சக்கரத்துக்கும் 9 அங்குல டிரம், டயர் 7.50-16. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போது பாதி வளைவு தாண்டியதும் பெடல் கீழே போய்விடுகிறது. முன்னால் பொலேரோ டிஸ்க் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். டிரம் பிரேக்கே மலைக்கு லாயக்கில்லை என்பதுதானே உண்மை?

பிப்ரவரி 4, இரவு

இல்லை. அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பல வருடங்களாக டிரம் பிரேக் பஸ்ஸும் லாரியும்தான் இறங்கிக்கொண்டிருக்கின்றன.

பொலேரோ பக்கம் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள். பெடல் கீழே போகிறது என்றால் எப்படிப் போகிறது? மெத்து மெத்தென்று இறங்கி, இரண்டு தடவை அடித்தால் மேலே வருகிறதா? அல்லது பெடல் கல்லு மாதிரி நிற்க, வண்டி மட்டும் நிற்காமல் போகிறதா? இரண்டும் வேறு வேறு வியாதி. முதலாவதில் ஆயில் கொதிக்கிறது. இரண்டாவதில் டிரம்மில் உரசும் லைனிங் சூடேறி வழுக்குகிறது. மூன்றாவதும் ஒன்று உண்டு: டிரம் சூட்டில் விரிந்து, லைனிங்கைத் தாங்கும் ஷூவை விட்டு விலகும், பெடல் ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், ஆனால் மெத்தென்று இருக்காது. மூன்றுக்கும் ஒரே மருந்து டிஸ்க் என்று சொல்பவர் மெக்கானிக் இல்லை, வியாபாரி.

பிப்ரவரி 5

மெத்தென்று இறங்குகிறது, அடித்தால் மேலே வருகிறது, வண்டி வாங்கியதிலிருந்து பிரேக் ஆயில் மாற்றவே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. பாதிக் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது அளவு. ஈரம் ஏறியபின் அதுவே 140. டாட் 4-க்கு 230-ம் 155-ம். உங்கள் வண்டியில் ஓடுவது அந்த ஈர டாட் 3-தான். சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் பக்கத்தில் 140 டிகிரி வருவதற்கு மலை இறக்கத்தில் அதிக நேரம் பிடிக்காது. ஆயில் ஆவியானால் பெடல் அழுத்துவது ஆவியைத்தான், ஷூவை இல்லை. சூடு ஆறினால் மறுபடி நன்றாகவே பிடிக்கும். அதனால்தான் கீழே வந்து டீ குடித்துவிட்டு மெக்கானிக்கிடம் காட்டினால் "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்பார்.

டாட் 4 வாங்கி முழுதாக மாற்றுங்கள். டாட் 5 வேண்டாம். அது சிலிக்கான், பழைய ஆயிலோடு சேராது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம்தான். இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ.

ஆயில் வழியில் சிக்கிய ஏர் எடுக்கும்போது, பெடல் மிதித்தால் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பியுங்கள். நம் ஊர் வலதுகை ஸ்டியரிங் வண்டியில் அது இடது பின் சக்கரம்.

பிப்ரவரி 7

"ஆயில் மாற்றினால் மலையே இறங்கலாமா" என்று சேலத்து நண்பர் கிண்டல் செய்கிறார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆட்களோடு ஜீப் 1600 கிலோ, இறக்கம் சுமார் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே வருவதற்குள் எப்படியாவது தொலைக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரைக் கோடி ஜூலுக்கு மேல். மின்வாரியக் கணக்கில் 4 யூனிட்டைத் தாண்டும். டிரம் ஒன்று 8 கிலோ என்றால் நாலும் சேர்ந்து 32 கிலோ இரும்பு. அத்தனை சூடும் அந்த இரும்பிலேயே தங்கினால் ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏறும். காற்று பட்டு ஆறுவதால் அவ்வளவு ஏறாது. ஆனால் இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொண்டு இறங்குகிறவருக்கும் நாலாவது கியரில் பெடலை நம்பி இறங்குகிறவருக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று இதில் தெரியும்.

டிஸ்க்கானாலும் இந்தக் கணக்கு மாறாது. டிஸ்க் சீக்கிரம் ஆறும், விரிந்தாலும் அதில் உரசும் பேடை விட்டு விலகாது. அந்த இரண்டு லாபம் உண்மை. ஆனால் ஒன்றரைக் கோடி ஒன்றரைக் கோடிதான்.

பிப்ரவரி 7, சற்று நேரம் கழித்து

டீசல் ஏற்றிய வண்டி என்பதால் ஒரு விஷயம். பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொண்டு இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். பழைய டீசலில் த்ராட்டில் தட்டு கிடையாது, அதே கியரில் பிடிப்பு குறைவு. லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பதே இதற்காகத்தான். எனவே ஒரு கியர் கூடுதலாகக் குறைத்தே இறங்குங்கள்.

பிப்ரவரி 12

நாமக்கல்காரர் ஒருவர், அப்பா காலத்திலிருந்து லாரி வைத்திருப்பவர், தனி மடலில் எழுதினார். அனுமதியோடு சாரத்தைப் போடுகிறேன்.

பழைய ஏர் பிரேக் லாரியில் மலை இறக்கத்தில் நடப்பது பெரும்பாலும் பிரேக் பாகத்தின் கோளாறு இல்லை, ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருகாமல் விட்டது. லைனிங் தேயத் தேய, காற்று வந்து தள்ளும் சேம்பரின் தடி அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கும். சமதளத்தில் தெரியாது. டிரம் சூடாகி விரிந்ததும் தடிக்கு ஓட்டமே மிச்சமிருக்காது. காற்று அழுத்தம் 8 கிலோ காட்டும், வண்டி நிற்காது. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் இப்போது வருகிறது. பழைய வண்டிக்கு அதை மாட்டினாலே பெரிய மேம்பாடு என்கிறார். கூடவே ஸ்பிரிங் பிரேக் சேம்பரும். காற்று போனால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். பழைய அமைப்பில் காற்று போனால் பிரேக்கும் போச்சு.

இன்னொன்றும் சொன்னார்: டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது. ஓட்டுநர்களைக் குறை சொல்வது சுலபம். மைலேஜ் கணக்கு கேட்கும் முதலாளிதான் அதற்குக் காரணம் என்றும் அவரே எழுதியிருக்கிறார், அவரே ஒரு முதலாளியாக இருந்துகொண்டு.

பிப்ரவரி 15

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் கேட்காத விஷயம்.

உங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைப் பிரிவு. பெடலுக்குக் கீழே, சேஸியில், தரைக்கு அடியில் தொங்கும். நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தாலும், ஒரு வீல் சிலிண்டர் வாஷர் போனாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. அமெரிக்காவில் 1968 வாக்கில் கார்களுக்கு இரட்டைப் பிரிவு கட்டாயமானது. நம் ஊரில் பழைய வடிவமைப்பு ஜீப் அதன்பிறகும் வெகுகாலம் வந்துகொண்டிருந்தது.

என் வண்டியில் இது ஒருமுறை நடந்தது. நல்லவேளை, ராசிபுரம் பக்கம் சமதள ரோடு. பின் சக்கர சிலிண்டர் ஒன்று கசிந்து, ஷூவெல்லாம் ஆயில். பெடல் ஒரேயடியாகத் தரையில். கியரைக் குறைத்து, புளியமர நிழலில் மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமா கடைசிவரை தூங்கிக்கொண்டிருந்தார். அதே வீல் சிலிண்டர் மலையில் போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.

அந்த வாரமே டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போட்டேன். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு அறை. ஒன்று போனாலும் பெடல் பாதி தூரம் போய் மற்றது பிடிக்கும். பிடிப்பு குறைவுதான், ஆனால் இருக்கும். என்னைக் கேட்டால் பழைய ஜீப்பில் முதலில் போட வேண்டிய பணம் இதற்குத்தான். டிஸ்க் அடுத்து. விளம்பரத்துக்கு டிஸ்க் நன்றாக இருக்கும், ரிம் இடுக்கில் பளபளக்கும். டேண்டம் சிலிண்டரை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பிரேக்ஸ் இந்தியா 1962-இல் ஆரம்பித்ததிலிருந்து பாடி, அம்பத்தூர் வட்டாரம் பிரேக் தொழிலுக்குப் பேர் போனது. புதிய சிலிண்டரே நியாயமான விலைக்குக் கிடைக்கும்போது புதுப்பேட்டையில் கழற்றியதை வாங்காதீர்கள். வேறு எதையும் அங்கே வாங்குங்கள், சிலிண்டர் வேண்டாம். உள்ளே துருக்குழி விழுந்திருந்தால் புது வாஷர் போட்டாலும் கசியும்.

பிப்ரவரி 18

"அப்போ டிஸ்க்கே வேண்டாமா?" வேண்டும் என்பவர் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

டிரம்மில் முன்பக்க ஷூ தானே டிரம்மோடு இழுபட்டு இறுகும், மிதிக்கும் காலுக்கு அது இலவச உதவி. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. எனவே அதிக அழுத்தம் வேண்டும். 30 கிலோ மிதி, பெடல் 6 மடங்கு, ஆக 180 கிலோ மாஸ்டரில் விழுகிறது. மாஸ்டர் துளை 1 அங்குலம் என்றால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ சொச்சம். முக்கால் அங்குலம் என்றால் 63. டிஸ்க்குக்கு 60, 70-ஆவது வேண்டும். "பெரிய மாஸ்டர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும்" என்பது பட்டறைகளில் சுற்றும் தவறான பேச்சு. துளை பெரிதானால் பெடல் கெட்டியாகும், அழுத்தம் குறையும். துளை சிறிதானால் அழுத்தம் கூடும், பெடல் ஓட்டமும் கூடும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனோ பெரியது, ஆயில் நிறைய கேட்கும். இந்த இழுபறியைத் தீர்க்கத்தான், மிதிக்கும் விசையை வேக்குவத்தின் உதவியால் கூட்டும் பூஸ்டர்.

பூஸ்டருக்கு வேக்குவம் எங்கிருந்து வரும்? டீசலில் இன்டேக்கில் வேக்குவம் இருக்காது, முன்பே சொன்ன அதே த்ராட்டில் காரணம்தான். ஆல்டர்னேட்டர் முதுகில் பம்ப் ஒட்டியிருக்கும் வகை வேண்டும், நம் மெக்கானிக்குகள் எக்ஸாஸ்டர் என்பார்களே அது. அதற்கு இன்ஜின் ஆயில் குழாய் போகும். அந்தக் குழாய் கசிந்தால் பிரேக் மட்டுமல்ல, இன்ஜினும் காலி. குழாயை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

ரிம் விஷயம்: ஐந்து போல்ட், ஐந்தரை அங்குல வட்டம் என்பதால் சக்கரம் மாட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். காலிப்பர் ரிம்மின் உள்பக்கம் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

முன் டிஸ்க், பின் டிரம் என்று வைத்தால் பின்பக்கம் முதலில் லாக் ஆகாமல் இருக்க, பின் லைன் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் புரொபோர்ஷனிங் வால்வு வேண்டும். ஆள் இல்லாத ஜீப்பின் பின்பக்கம் ரொம்ப லேசு. மழை ரோட்டில் பின் சக்கரம் லாக் ஆனால் வண்டி திரும்பி நின்று உங்களுக்கு வந்த வழியைக் காட்டும்.

பிப்ரவரி 19

"பழைய வில்லிஸ் ஜீப் காலத்தில் பிரேக் எப்படி இருந்தது?" என்று கேட்டவருக்கு: ஹாரன் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 26

18-ஆம் தேதி எழுதியதில் பூஸ்டரைக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கரடுமுரடுப் பாதையில் ஓட்டுபவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன்.

செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜின் ஆஃப் ஆனால் எக்ஸாஸ்டரும் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தில் ஒன்றிரண்டு மிதி கிடைக்கும். அதற்கப்புறம் பெடல் மரக்கட்டை. பூஸ்டர் இல்லாத டிரம் வண்டியில் இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் ஒரே பிரேக். பழைய ஜீப்காரர்கள் "பூஸ்டர் வேண்டாம்" என்று அடம்பிடிப்பதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. பூஸ்டர் வைத்தால், வேக்குவத்தைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கும் செக் வால்வு நல்லதா என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து மிதித்தாலும் முதல் மிதி லேசாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் ஆஃப் ஆனால் பெடலை மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒரே மிதி, அப்படியே பிடி, கியரைப் போடு.

ஊட்டி போகிறவர்களுக்கு: 2200 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே கடலோரத்தைவிடக் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான அளவு கம்மி. பூஸ்டர் வேலை செய்வது அந்த வெளிக்காற்றின் தள்ளலில்தான். எனவே உதவியும் அந்த அளவு குறையும். இதைத் தெரியாமல் "கல்லட்டி இறக்கத்தில் மட்டும் பெடல் கெட்டியாகிறது" என்று பூஸ்டரை மாற்றியவர்கள் உண்டு.

மார்ச் 2

ஹேண்ட் பிரேக் பற்றி யாரும் பேசவில்லையே. பழைய ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கத்தில், ஷாஃப்டைப் பிடிக்கும் டிரம். நன்றாகவே பிடிக்கும், ஆனால் டிஃபரன்ஷியல் வழியாகப் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒருபக்கம் சுற்ற, தரையில் இருப்பது மறுபக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிப் போகும். டயர் கழற்றும்போது எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இரண்டு பக்கமும் கல்.

டிரான்ஸ்பர் கேஸ் ஆயில் சீல் கசிந்தால் அந்த லைனிங் முழுக்க எண்ணெய்தான். "ஹேண்ட் பிரேக் எப்பவும் பிடிக்காது, ஜீப்னா அப்படித்தான்" என்பவர்கள் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்கலாம்.

மார்ச் 9

டிரம்மை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம் என்று மதுரைப் பக்கத்து நண்பர் கேட்டிருக்கிறார். இது எனக்குப் பிடித்த பகுதி.

டயரில் தொடங்குகிறேன். 6.00-16 இருந்த இடத்தில் 7.50-16 வந்தால் சக்கர விட்டம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். அதே மிதிக்கு நிறுத்தும் விசை ஏறக்குறைய அந்த அளவு குறையும். பிரேக் மோசமாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் சிலர் டயர் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் டிரம் கடைசல். லேத்தில் கடைந்த பிறகு டிரம்மின் உள்வட்டம் பெரிதாகிவிடும், புது லைனிங்கின் வளைவு பழைய அளவுக்கு இருக்கும். ஷூவின் நடுப்பகுதி மட்டும் தொடும். லைனிங்கையும் அந்த டிரம்முக்கு ஏற்றபடி தேய்த்து உருட்ட வேண்டும். இதைச் செய்துதரும் கிழட்டுக் கைகள் நாமக்கல்லில் இன்னும் இருக்கின்றன. கேட்டால்தான் செய்வார்கள். டிரம்மைக் கடைய ஒரு எல்லையும் உண்டு. மெலிந்த டிரம் சூட்டைத் தாங்காது, சீக்கிரம் விரியும்.

ஷூ மாட்டும் திசையும் முக்கியம். இரண்டு ஷூவும் கீழே தனித்தனி முளையில் நிற்கும் 9 அங்குல அமைப்பில் நீள லைனிங் முன்பக்கம். ஒரு ஷூ மற்றதைத் தள்ளும் சர்வோ வகையில் குட்டை லைனிங் முன்பக்கம். வேறு வண்டியிலிருந்து 11 அங்குல டிரம் எடுத்து மாட்டுகிறவர்கள் எது என்ன வகை என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். மாற்றிப் போட்டாலும் பிடிக்கும். எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கும் என்பது மட்டும் தெரியாமலே போகும்.

9-லிருந்து 11-க்குப் போவது என் கணக்கில் பாதி டிஸ்க் மாற்றத்துக்குச் சமம், பூஸ்டர் தலைவலி இல்லாமல். ஆற்றில், சேற்றில் இறங்குகிறவருக்கு மட்டும் டிஸ்க்தான். டிரம்முக்குள் தண்ணீர் போனால் காயும்வரை பிரேக் பாதிதான். சேறு போனால் கழற்றிக் கழுவும்வரை லைனிங்கை அரம் போட்டுத் தின்னும்.

ஹோஸ்: வெளியே நன்றாகத் தெரியும் பழைய ரப்பர் உள்ளே ஊதி அடைத்திருக்கும். அழுத்தும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பாது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஷூவைக் கழற்றும் முன் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். குழாய்க்குத் தாமிரம் வேண்டாம், அதிர்வில் கெட்டிப்பட்டு வெடிக்கும்.

மார்ச் 10

பழைய லைனிங் தூசியை ஏர் பைப்பால் ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடையுங்கள். பட்டறைப் பையன் ஊத ஆரம்பித்தால் நிறுத்துங்கள், அவன் நுரையீரல்.

மார்ச் 23

சட்டம் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இன்ஜின் மாற்றியவர்கள் முதலில் ஆர்.சி.-யில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறாத வண்டிக்கு பிரேக் பற்றிக் கவலைப்படுவது இரண்டாவது வேலை. பிரேக் மாற்றத்துக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. 15 வருடம் தாண்டிய வண்டியை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க எப்படியும் அங்கே கொண்டுபோய்த்தானே ஆக வேண்டும்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஆயில், ஹோஸ், டேண்டம் எல்லாம் மாற்றினாராம், மலை இறங்கும்போது பெடல் அப்படியே நிற்கிறதாம். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் முன்னால் டிஸ்க்கும் போட்டுவிட்டார். இப்போது முன் சக்கரம் இரண்டும் சுடுகிறது, காலை எடுத்தாலும் பேட் உரசுகிறது.

டிரம் வண்டியின் டேண்டம் சிலிண்டர் வாங்கினீர்களா? அதனுள்ளே ரெசிடுவல் வால்வு இருக்கும், டிரம்முக்காக சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை லைனில் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை ஸ்பிரிங் பின்னால் இழுத்துவிடும், அதனால் பாதகமில்லை. காலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். முன் லைன் அறையிலிருந்து அந்த வால்வை எடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் மாஸ்டர் இன்னும் தரைக்கு அடியில்தானே? காலிப்பர் அதைவிட உயரத்தில் இருந்தால் ஆயில் திரும்பி வடிந்துவிடும். அப்போது முன் லைனில் 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று வேண்டும். பின் லைனில் இருக்கும் 10-ஐத் தொடாதீர்கள்.

ஏப்ரல் 6, இரவு

2 பி.எஸ்.ஐ. வால்வில் அம்புக்குறி இருக்கும், அது சக்கரத்தைப் பார்த்து இருக்கட்டும். மாட்டியதும் மறுபடி ஏர் எடுக்க வேண்டும்.